சாப்பாட்டுக்கு முன்னால் கல்லறை

வீங்கின கால் செருப்புக்குள் போக மாட்டேன் என்கிறது, லோகன் மைக்கில் பேசிக்கொண்டே இருக்கிறான், அண்ணன் அதற்குள் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். லோகன் நல்ல பிள்ளை. ஈப்போவில் எங்களை ஏற்றியதிலிருந்து ஒருத்தர் மேலும் எரிந்து விழவில்லை, இத்தனைக்கும் பஸ் முழுக்கப் பென்சன்காரர்கள், ஆளுக்கொரு மாத்திரை, ஆளுக்கொரு முட்டிவலி. ஆனால் மைக்கைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மாட்டான். "இதுதாங்க காஞ்சனபுரி ராணுவக் கல்லறை. இதைப் பார்த்துட்டு ஆத்துல மெதக்குற கடையில சாப்பாடு. அப்புறம் ரயிலு. ரயில் முடிஞ்சு யானை. யானையில ஏறப் பயமா இருக்கிறவங்களுக்குப் பெரிய மழைமரம் ஒண்ணு இருக்கு, அதுக்குக் கீழ நின்னு படம் எடுத்துக்கலாம்." சாப்பாட்டுக்கு முன்னால் கல்லறை, யார் போட்ட வரிசையோ. கழிப்பறை எங்கே என்று மட்டும் சொல்ல மாட்டான், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். காலையில் ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் போனதோடு சரி. பாலத்தில் அண்ணன் தேங்காய் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டார், எனக்கும் ஒன்று நீட்டினார், எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தும். தண்டவாளத்தின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துப் படம் எடுத்துக்கொண்டார். சிரித்தார். அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. சாமிக்கண்ணு அண்ணன் படத்துக்குச் சிரிக்கிற ஆள் இல்லை, தன் கல்யாணப் படத்திலேயே பஞ்சரான டயரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்துக்கொண்டு நிற்பார். தன்னைப் பெற்றவரைத் தின்ற தண்டவாளத்தில் நின்று ஒரு மனுஷன் கையை விரித்துச் சிரித்தால் என்ன அர்த்தம். அவரைப் பெற்றவர், என்னைப் பெற்றவர் இல்லை. எங்களுக்கு அம்மா ஒன்று, அப்பா இரண்டு. இரண்டு பேரையும் சப்பான்காரன் ஒரே நாளில்தான் மலாயாவிலிருந்து இந்தச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்து வந்தான். அண்ணனின் அப்பா மருதப்பன் திரும்பவில்லை. திரும்பி வந்த வேலாயுதம் சேதி சொல்லப் போனார், பிறகு அந்தப் பெண்டாட்டியையே கட்டிக்கொண்டார், நான் பிறந்தேன். சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். சுருக்கமாகச் சொன்னால் எல்லாமே இவ்வளவுதான்.

வாசலில் ஒரு வளைவு, அதைத் தாண்டினால் புல். இவ்வளவு புல்லை நான் எதிர்பார்க்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் கடை, காப்பிக் கடை, கூப்பிடு தூரத்தில் ரயில் நிலையம், நடுவில் இப்படி ஒரு பச்சைத் திடல், நடந்தால் கால் தடம் தெரிகிற அளவுக்குப் புதிதாக வெட்டியிருக்கிறார்கள். கல் எதுவும் உயரமாக இல்லை, முழங்காலுக்கும் கீழே, சாய்த்து வைத்த தலையணை மாதிரி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தகடு, இரண்டு கல்லுக்கு நடுவில் ஒரு பூச்செடி. வார்டில் கட்டில் போட்ட மாதிரி நேர்வரிசை. ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும். எனக்கு இங்கிலீஷில் பேரும் வயசும் படிக்கத் தெரியும், கட்டில் தலைமாட்டில் தொங்குகிற அட்டைக்கு அந்த இரண்டும் போதும். இருபத்திரண்டு. இருபத்தாறு. இருபத்தொன்று. நாற்பது, இவன் ஏன் நாற்பது வயதில் பட்டாளத்துக்கு வந்தான், வீட்டில் சண்டையா. தகட்டின் கீழே ஆத்தாளோ பெண்டாட்டியோ எழுதச் சொன்ன ஒரு வரி இருக்கிறது, அது எனக்குப் படிக்க வரவில்லை. பேர் தெரியாதவனுக்கும் ஒரு கல் இருக்கிறது, அவனுக்கும் செடி இருக்கிறது. மருதப்பனுக்கு என்ன வயசு இருந்திருக்கும். அம்மா சொன்னதில்லை. அம்மா அவர் பேரையே சொன்னதில்லை, ஆனால் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் பேரையும்தான் சொன்னதில்லை, அதை வைத்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது. ரப்பர் தோட்டத்துத் திடலில் இனாமாகப் படம் காட்டுகிறோம் என்று சப்பான்காரன் சொல்லியிருக்கிறான். பால் மரம் வெட்டி முடித்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். மருதப்பன் கைப்பிள்ளையை, அதாவது அண்ணனை, அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து அப்பாவும் போயிருக்கிறார். படம் பாதியில் நின்றது, லாரி வந்தது. அந்தப் படத்தின் கதை என்ன என்று ஒரு தடவை சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கேட்டேன். அப்பா யோசித்துப் பார்த்து, "ஒரு குதிரை வந்துச்சு," என்றார்.

அதற்குப் பிறகு உள்ளதை மட்டும் அப்பா எப்போதும் ஒரே மாதிரி சொல்வார். தீபாவளிக்கு ஆள் கூடினால், யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், சாப்பிட்ட கை காய்கிற வரைக்கும் உட்கார்ந்து சொல்வார். "கேம்புல காலரா வந்துருச்சு. மருதப்பன் என் மடியிலதான் கண்ணை மூடினான். என் புள்ளையப் பாத்துக்கடான்னான். இந்தக் கையாலதான் மண்ணு தள்ளினேன்." மடி, பிள்ளை, மண். ஒரு வார்த்தை கூடாது, ஒரு வார்த்தை குறையாது. ஒரே மாதிரி சொல்வதால் அது உண்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வார்டில் வேலைக்குப் போன பிறகுதான் ஜனங்கள் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்தது. நடந்ததைச் சொல்கிறவர்களுக்கு இன்றைக்கு ஒன்று மறந்து போகும், நாளைக்கு ஒன்று புதிதாக ஞாபகம் வரும், நடுவில் நிறுத்தி இல்லை இல்லை அது அப்புறம் என்பார்கள். அப்பா ஒரு தடவை கூட இல்லை இல்லை என்று சொன்னதில்லை. அதை நான் யோசிக்காமல்தான் வைத்திருந்தேன். அவர் கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யோசிக்காமல் இருக்க முடியாமல் போனது. நான் வேலை பார்த்த அதே வார்டு, ஜன்னலோரக் கட்டில். காய்ச்சல் ஏறி எங்கேயோ போய்விட்டார். கையை நீட்டி யாரையோ விலக்குகிற மாதிரி, "மருதப்பா, கத்தாதடா. தண்ணி கொண்டாரேன், இரு," என்றார். திரும்பத் திரும்ப அதுதான். தண்ணி கொண்டாரேன், இரு. மடியில் கிடக்கிறவனிடம் யாரும் கத்தாதே என்று சொல்ல மாட்டார்கள். மடியில் கிடக்கிறவனை யாரும் இரு என்று சொல்ல மாட்டார்கள். இரு என்றால் நான் போகிறேன் என்று அர்த்தம். அப்பா போயிருக்கிறார். எவ்வளவு தூரம் போனார், திரும்பி வந்தாரா, வரவில்லை, வந்திருந்தால் இந்த வயதில் இப்படிக் கையை நீட்டிக்கொண்டு கிடக்க மாட்டார். அன்றைக்கு நான் வேட்டியை மாற்றினேன், உதட்டில் பஞ்சு வைத்து நனைத்தேன், வேலை நேரம் முடிந்து பஸ் ஏறி வீட்டுக்குப் போய்ச் சோறு ஆக்கினேன். புருஷனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் எப்படிச் சொல்வது. உன் அப்பன் உயிரோடு கத்திக்கொண்டிருக்கும்போது என் அப்பன் விட்டுவிட்டு வந்தான், வந்து உன் ஆத்தாளிடம் பொய் சொல்லி அவளைக் கட்டிக்கொண்டான், அந்தப் பொய்க்குப் பிறந்தவள்தான் நான் என்றா.

தோட்டக்காரன் ஒருவன் குழாயை இழுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விடுகிறான். ஒவ்வொரு கல்லாக நின்று நிதானமாக விடுகிறான். நான் பார்க்காமல் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், இந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி புல்லில் மண்டி போட்டு, தகட்டைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் பேத்தியோ யாரோ குடை பிடிக்கிறாள். அவளுக்கு என்ன, இடம் தெரியும். வந்தாள், துடைத்தாள், போவாள். எங்களுக்கு இந்தக் கல்லறையில் ஒன்றும் இல்லை, இது பட்டாளத்துக்காரர்களுக்கு, தோட்டத்து ஆளுக்கு இல்லை, அது எனக்கும் தெரியும் அண்ணனுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வந்தார். எத்தனையோ வருஷம் எல்லை தாண்டினதும் வருகிற ஹட்யாய்க்குக் கூப்பிட்டாலே வராத ஆள், திடீரென்று போன் பண்ணி, "தையலு, சங்கத்துல சயாமுக்குப் பஸ் போகுது, நீயும் வா, உன்கிட்ட ஒண்ணு பேசணும்," என்றார். பேசணும் என்றவர் பஸ்ஸில் வழி முழுக்கப் பேசவே இல்லை. எல்லையில் பேசவில்லை, ஓட்டலில் பேசவில்லை, பாலத்தில் ஐஸ்கிரீம் நீட்டினார். இங்கேதான் பேசுவார். எனக்குத் தெரியும், இங்கேதான். யாரோ எங்கோ அந்த முகாமில் இருந்த கிழவன் உளறியிருப்பான், கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். உனக்குத் தெரியுமா என்று கேட்பார். தெரியாது என்று சொன்னால் என் முகத்தில் தெரிந்துவிடும். தெரியும் என்று சொன்னால் இத்தனை வருஷமா ஏன்டி சொல்லல என்பார். என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவர் அவர். எனக்குக் கூடப் பிறந்த ஆண்பிள்ளை வேறு இல்லை, பெரியப்பா மகன்கள் நான் நீ என்று நின்றார்கள், அண்ணன் ஒன்றும் பேசாமல் சட்டையைக் கழற்றிவிட்டு மொட்டை அடிக்க உட்கார்ந்தார். சித்தப்பா என்றுதான் கடைசி வரை கூப்பிட்டார், ஆனால் உட்கார்ந்தார். ஏமாற்றி உட்கார வைத்த மாதிரி எனக்கு அன்றைக்கு நெஞ்சு அடைத்தது. இப்போதும் அடைக்கிறது, இல்லை இது வெயிலாகவும் இருக்கலாம், காலை மாத்திரையைப் போட்டேனா, போட்டேன், மஞ்சள் மாத்திரை போட்டேன், வெள்ளை ஞாபகம் இல்லை.

அண்ணனைக் காணவில்லை. இப்போதுதான் நடுவில் நிற்கிற பெரிய சிலுவைக்குப் பக்கத்தில் அவர் தொப்பி தெரிந்தது. சிலுவைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிற்கிறார்கள், அண்ணன் இல்லை. வரிசை வரிசையாக எட்டிப் பார்க்கிறேன், எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் நான் போனேனா போகவில்லையா என்றே தெரியவில்லை. வேகமாக நடந்தால் முட்டி இடிக்கிறது. விழுந்து கிடந்தால். அவருக்கு இரத்த அழுத்தம் உண்டு, எண்பதை நெருங்குகிற ஆள், ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டு வெயிலில் நடந்தால். விழுந்து கிடந்து என்னைக் கூப்பிட்டு எனக்குக் கேட்காமல் போனால். பார், புத்தி எங்கே போகிறது. பின்பக்கம் ஒரு மரத்தடியில் தொப்பி தெரிகிறது. விழவில்லை. உட்கார்ந்திருக்கிறார், சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கால் விரலைப் புல்லில் தேய்த்துக்கொண்டு. "எங்க போயிட்டீங்க, சொல்லிட்டுப் போகக் கூடாதா?" என்கிறேன். "உக்காரு," என்கிறார். எனக்குக் கீழே உட்கார்ந்தால் எழ முடியாது. உட்கார்ந்தேன். "நல்லா வெச்சிருக்கான்ல?" என்றார். "ம்." "இங்க நம்மாளு ஒருத்தன் கூட இல்ல." "தெரியும்ண்ணே." "தெரியும்தான்." வந்துவிட்டது, இப்போது கேட்பார், நான் புல்லைப் பார்த்துக்கொண்டேன், ஒரு எறும்பு இன்னொரு செத்த எறும்பை இழுத்துக்கொண்டு போகிறது, நான் அதையே பார்த்துக்கொண்டேன். "தையலு, உங்கப்பா எங்கப்பாவை விட்டுட்டுத்தான் வந்தாரு," என்றார். கேள்வியாக இல்லை. மழை வரும் போல இருக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். "யாரு சொன்னா?" என்று கேட்டது என் குரல்தான். "அவருதான் சொன்னாரு."

அவரேதான். அண்ணனுக்குக் கல்யாணம் பேசி முடித்த சமயமாம். அப்பா தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், அண்ணனுக்கு லாரி பழக்கியவரும் அவர்தான். தைப்பிங் போகிற வழியில் லாரியை ஓரம் கட்டச் சொல்லியிருக்கிறார். "உன்கிட்ட சொல்லாம உனக்குத் தாலி எடுத்துக் குடுக்க முடியாதுடான்னாரு. எங்கப்பாவைக் காலராக் குடிசையில போட்டிருந்தாங்களாம். இவரு பாக்கப் போயிருக்காரு. தண்ணி தண்ணின்னு கத்துனாராம். கொண்டாரேன்னு வெளிய வந்தா, நடக்க முடிஞ்சவன்லாம் லாரியில ஏறுன்னு சப்பான்காரன் நிக்கிறான். ஏறிட்டாரு. லாரி கெளம்பின பொறவும் கேட்டுச்சுன்னாரு." அண்ணன் விரலை விரலால் நீவிக்கொண்டே சொன்னார். "நான் அடிச்சேன். மூஞ்சியிலயே. ஒரு பல்லு போச்சு. அவரு கையத் தூக்கல." எனக்கு அந்த வாரம் ஞாபகம் வருகிறது, அப்பா வாய் வீங்கிக் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தது, லாரியைக் கிளப்புகிற ஹேண்டில் திருப்பி அடித்துவிட்டது என்று சொன்னது, நான் மஞ்சள் பற்றுப் போட்டது. "நீங்களா?" என்கிறேன், வேறு என்ன கேட்பது. "நானா வேற யாரு." இத்தனை வருஷம். நான் ஒரு பக்கம் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் இன்னொரு பக்கம் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், உள்ளே ஒன்றேதான் இருந்தது. சிரிப்பு வந்துவிடும் போல இருக்கிறது, இது சிரிக்கிற இடம் இல்லை. "அப்புறம் ஏண்ணே கொள்ளி வெச்சீங்க?" "அவருக்கு ஆம்பளப் புள்ள இல்லையே." "கோவம் போயிருச்சா?" "எங்க போவுது. கோவத்தோடதான் வெச்சேன். கோவம் இருந்தா வெக்கக் கூடாதுன்னு இருக்கா?" எங்கோ புல் வெட்டும் மெஷின் கிளம்பியது, நின்றது. எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் கேட்டேன் என்று சொல்ல வேண்டும், வாயைத் திறந்தேன், ஆனால் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார். இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கிழவனின் முகத்தில் யாரோ சின்னப் பையன். "உன்கிட்ட ஒண்ணுதான் கேக்கணும். கடைசி வரைக்கும் அம்மாகூட நீதான் இருந்த. அம்மாவுக்குத் தெரியுமா?"

அன்றைக்கு வார்டில் அம்மாவும் இருந்தாள். அதை நான் எனக்கே சொல்லிக்கொள்வதில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து அப்பாவின் சாரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். தண்ணி கொண்டாரேன், இரு என்று அப்பா சொன்னபோது மடிக்கிற கை நிற்கவில்லை. ஓரத்துக்கு ஓரம் சரியாக வைத்து நீவினாள். மருதப்பா என்று அப்பா கூப்பிட்டபோதும் நிற்கவில்லை. முடித்துவிட்டு, "காய்ச்சல்ல பேசுறாரு," என்றாள், என்னைப் பார்க்காமல். முதல் தடவையாகக் கேட்கிறவள் அப்படி மடிப்பாளா. அல்லது முதல் தடவையாகக் கேட்டதால்தான் கையை நிறுத்தப் பயந்தாளா. முன்பே தெரிந்திருந்தால் எப்போதிலிருந்து, கட்டிக்கொள்வதற்கு முன்பா, கைப்பிள்ளையோடு தோட்டத்தில் தனியாக நிற்கிறவள் தெரிந்தே கழுத்தை நீட்டியிருப்பாளா, நீட்டியிருக்கலாம், எனக்கு அதில் கோபம் கூட வராது. அண்ணனுக்கு வரும். அண்ணன் அடித்தது அப்பாவை மட்டும்தான், அம்மா ஏமாந்தவள் என்று நினைத்துத்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். "தெரியாது," என்றேன். அதுதான் நிஜம், எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது என்றும் அவர் எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதானே, எனக்காக யாரோ முன்பே செய்து வைத்த மாதிரி. எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியவில்லை. மூச்சு விட்டார். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "சரி," என்றார்.

லோகன் ஓடி வருகிறான், சட்டை முதுகில் ஒட்டியிருக்கிறது. "அங்கிள், ஆன்ட்டி, எல்லாரும் ஏறியாச்சு, சாப்பாட்டுக் கடையில மேசை போட்டுட்டாங்க." அண்ணன் சப்பாத்தை மாட்டிக்கொண்டே, "பின்னால ஒரு கோயில் இருக்கு, அதுல நம்ம ஆளுங்க எலும்பெல்லாம் சேத்து வெச்சிருக்கிறதாச் சொன்னாங்களே, அது எங்கப்பா?" என்று கேட்டார். லோகன் தலையைச் சொறிந்தான். "இருக்கு அங்கிள், சீனங்க இடுகாட்டைத் தாண்டி. ஆனா பஸ்ஸு அங்க நிக்காது. பாக்க ஒண்ணும் இல்ல அங்கிள்." அண்ணன் சரி என்று பஸ் பக்கம் திரும்பிவிட்டார். அவர் எப்போதும் அப்படித்தான், ஒரு தடவை இல்லை என்றால் விட்டுவிடுவார். "தம்பி, நீங்க போய்ச் சாப்பிடுங்க," என்றேன். "திரும்பி வர்றப்ப எங்களை ஏத்திக்க." "ஆன்ட்டி, அப்புறம் ரயில் போயிரும், யானை..." "யானை எங்கயும் போயிடாது. என்னைக் கொஞ்சம் தூக்கி விடு." தூக்கி விட்டான்.

சீனர் இடுகாட்டின் சுவரோரமாக நடந்தோம், அண்ணன் முன்னால், நான் பின்னால். கோயில் பெரியதுதான், வியட்நாம்காரர்கள் கட்டியதாம், சிவப்பும் மஞ்சளுமாக. அது இல்லை, அதற்குள் ஒரு பக்கம், வெள்ளை அடித்த ஒரு கோபுரம், வெள்ளை அங்கங்கே பொரிந்திருக்கிறது, பக்கத்தில் யாரோ நிறுத்திய சைக்கிள். பேர் ஒன்றும் இல்லை. வயசு இல்லை. எனக்குப் படிக்க ஒன்றும் இல்லை. கட்டையான ஒரு பெண் காய்ந்த இலையைக் கூட்டிக்கொண்டிருந்தாள், எங்களைப் பார்த்ததும் விளக்குமாற்றை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அண்ணனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கும்பிடக் கையைத் தூக்கினார், இறக்கினார். பிறகு அந்தப் பெண்ணிடம், தமிழில், எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்தவளிடம் சொல்கிற மாதிரி, "எங்கப்பா," என்று கோபுரத்தைக் காட்டினார். "மருதப்பன்." அவள் தலையாட்டினாள். வெயிலில் கண் கூசியது. நான் சொன்னேன், சொல்வேன் என்று நினைக்கவில்லை, "எங்கப்பா வேலாயுதம். அவரோட கூட்டாளி." அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். பார்வை நன்றாக இல்லை. லாரியை ஓரம் கட்டியபோது இப்படித்தான் பார்த்திருப்பார் என்று நினைத்தேன், ஓர் அடி பின்னால் போய் நிற்கலாமா என்று கூட நினைத்தேன், போகவில்லை. அந்தப் பெண் அவரையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, அடுத்து என்ன என்று கேட்கிற மாதிரி நின்றாள். அண்ணன் தொண்டையைச் செருமினார். அவளிடமே சொன்னார்.

"கூட்டாளிதான். ஒரே லாரியில வந்தாங்க."